மருந்தடிச்ச கை

'நாம்தான் இந்த மலையைக் கொன்றுவிட்டோம்' என்று அவர் சொன்னபோது அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. கோத்தகிரியில் நடந்த ஒரு சுற்றுச்சூழல் கூட்டம் அது. பேசியவர் படித்தவர், நேர்மையானவர், சோலைக்காடுகளைப் பற்றிப் பல வருஷமாக எழுதி வருபவர். சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நடிப்பில்லை. என் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நீலகிரிக் காய்கறித் தோட்டங்களில் 35 வருஷம் கூலிக்குப் போனவள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டதால் அவளையும் அந்த அரங்குக்குள் அழைத்துப்போயிருந்தேன். அவள் என் காதுப் பக்கம் குனிந்து கேட்டாள்: 'யாரச் சொல்றாரு? நம்மளையுமா?'

'சும்மா இரும்மா' என்றேன். அப்போது வாயை அடைத்துவிட்டேனே தவிர, கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. இத்தனை நாள் தலித் அரசியல், பெண் விடுதலை என்று மேடை மேடையாகப் பேசிய எனக்கு, அம்மாவுக்கு ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டிலும் ஒரு தப்பு இருந்தது. அந்தத் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. எதிரே நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். வெளியே நிறுத்தினால் நாங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வாசப்படி இருக்கிறது. இந்த மலையில் என் அம்மாவை எப்போதெல்லாம் 'நாம்' என்று சேர்த்துக்கொண்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கிழங்கு நல்ல விலைக்குப் போன வருஷங்களில் 'நாங்க பட்ட பாட்டுக்குப் பலன்' என்றார்கள். திருவிழா வந்தால் 'எங்க சாமி'. விலை விழுந்து உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது 'விவசாயிகளாகிய நாங்கள்'. கூலி உயர்த்திக் கேட்ட அன்றைக்கு 'நீங்க'. மலை செத்துப்போச்சு என்று கணக்கு வரும்போது மட்டும் 'நாம்'.

விவசாயி என்ற சொல்லே இப்படித்தான் வேலை செய்கிறது. பட்டா இருப்பவர் விவசாயி. அந்தப் பட்டா நிலத்தில் குனிந்து நிமிர்கிறவர் கூலி. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் சாகுபடியாளர்கள் 12 கோடியே 73 லட்சம் பேர், விவசாயக் கூலிகள் 10 கோடியே 68 லட்சம் பேர். 2011இல் அது தலைகீழானது: சாகுபடியாளர்கள் 11 கோடியே 88 லட்சம், கூலிகள் 14 கோடியே 43 லட்சம். இந்த நாட்டில் மண்ணில் கை வைத்துப் பிழைப்பவர்களில் அதிகம் பேர் மண் இல்லாதவர்கள். ஆனால் 'விவசாயமும் சுற்றுச்சூழலும்' என்று கூட்டம் போட்டால் மேடையில் நிலம் இருப்பவர் ஒரு பக்கம், காடு நேசிப்பவர் ஒரு பக்கம் உட்காருகிறார்கள். அவர்கள் இரண்டு பேருக்குள் சண்டை, சமாதானம் எல்லாம் நடக்கிறது. டீ கொடுக்கிறவர்கள் நாங்கள்.

நாங்கள் இந்த மலைக்கு வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் குடியுரிமையை 1948இல் அந்த நாட்டுச் சட்டம் பிடுங்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு எங்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆடு மாடு பிரிப்பதில்கூட இப்படிக் கொசுறை நிறுத்தி வைக்க மாட்டார்கள். அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது அவளுக்குப் பதினாறு வயசு. மண்டபம் முகாம், அங்கிருந்து ஒரு சமவெளி ஊர், அங்கே பிழைக்க முடியாமல், குளிர் பழகிய உடம்பு குளிரைத் தேடிக்கொண்டு நீலகிரிக்கு வந்தது. எல்லாருக்கும் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களுக்கும் காய்கறி நிலங்களுக்கும் போனார்கள். இங்கே எங்களுக்கு 'சிலோன்காரங்க' என்று பெயர். சிலோனில் நாங்கள் இந்தியாக்காரர்கள். சாதி மட்டும் கடல் தாண்டிப் போகும்போதும் சரி, திரும்பி வரும்போதும் சரி, சீட்டுக் கேட்காமல் கூடவே வந்தது.

இந்த மலையின் காய்கறியும் எங்களைப் போல வந்தேறிதான். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819இல் மலை ஏறிவந்து கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் தங்கினார். வெள்ளைக்காரன் சாப்பிடுவதற்காக உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு எல்லாம் அதன்பிறகு வேர் பிடித்தன. அதுவரை இங்கே சாமையும் கொரலியும் ராகியும் விளைந்திருக்கின்றன. இன்றைக்கும் சந்தையில் கேரட், பீட்ரூட், கோசு எல்லாவற்றுக்கும் 'இங்கிலீஷ் காய்கறி' என்றுதான் பெயர். 200 வருஷத்தில் காய்கறி மண்ணின் மைந்தன் ஆகிவிட்டது. எங்களுக்கு இன்னும் ஆகவில்லை.

இந்தக் காய்கறி மலையை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். சரிவில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அதனால் பாரை மேலிருந்து கீழாகப் போடுவார்கள். குறுக்கே போட்டால் மண் நிற்கும், நெடுக்கே போட்டால் தண்ணீர் ஓடும். தண்ணீர் ஓடினால் மண்ணும் ஓடும். ஒவ்வொரு மழைக்கும் ஓடை செக்கச்செவேல் என்று போவதை நான் சின்னப் பிள்ளையில் அழகு என்று பார்த்திருக்கிறேன். அந்த மண் கீழே அணைகளில் போய் வண்டலாக உட்காருகிறது. மேலே மண் போனதால் உரம் கூடுகிறது, சமவெளியிலிருந்து லாரி லாரியாகக் கோழி எரு ஏறுகிறது, கூடவே ஈ. படிக்கட்டு போல நிலத்தை வெட்டி மண்ணைக் காப்பாற்றலாம் என்பது இங்கே யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. ஊட்டியிலேயே அதற்கு மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கைமுதல் வேண்டும், நிலம் அடுத்த வருஷமும் நம்ம கையில் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும்.

1961இல் இந்த மலையின் உருளைக்கிழங்கு நிலத்தில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். பெண் புழு செத்தாலும் அதன் உடம்பே ஒரு கூடாக இறுகி நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காப்பாற்றி வைக்கும். இருபது வருஷத்துக்கு மேலும் அந்த முட்டை மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளிமாநிலங்களுக்குக் கொண்டுபோகத் தடை வந்தது. அந்தப் புழு தானாக வெகுதூரம் நகராது. மண்வெட்டியில், சாக்கில், காலில் ஒட்டிய மண்ணோடுதான் போகும். எனக்கு ஏழெட்டு வயசிருக்கும்போது அம்மா வேலை பார்த்த ஒரு தோட்டத்தின் கடவில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தார்கள். வேற தோட்டத்திலிருந்து வருகிற கூலியாட்கள் காலைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். விஞ்ஞானப்படி சரியான காரியம். தோட்டத்துக்காரர் அவர் பாட்டுக்குச் செருப்போடு இறங்கினார். அவர் வேற தோட்டத்துக்கும் போய் வருகிறவர்தான்.

நான் இதை வைத்துப் பல நாள் யோசித்திருக்கிறேன். புழுவுக்குச் சாதி தெரியாது, எல்லார் காலிலும் ஒட்டும். ஆனால் 'யார் கால் அழுக்கு' என்று முடிவு செய்கிற அறிவு மனுஷனுக்குப் பழசாகவே இருந்தது. விஞ்ஞானம் வந்து சொன்னதும் அந்தப் பழைய அறிவு அதை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டது. தீட்டு என்பது வேறு, தொற்று என்பது வேறு என்று பாடப் புத்தகம் சொல்லும். வாளித் தண்ணீர் வைத்த கடவில் இரண்டும் ஒன்றாகத்தான் நின்றன. சுத்தம், அசுத்தம், கலப்படம், தூய்மை என்ற சொற்களை வைத்துச் சுற்றுச்சூழல் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வாளி ஞாபகம் வரும்.

இனி மருந்து. பூச்சிக்கொல்லிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அதுதான். பயிருக்கு 'மருந்தடிக்கிறது', மனசு விட்டுப்போனால் 'மருந்தக் குடிச்சிட்டா'. கோசில் வைர முதுகு அந்துப்பூச்சி விழுந்தால் வாரத்துக்கு வாரம் அடிக்க வேண்டும். கிழங்குக்கு மூடுபனி நாளில் கருகல் வரும், அதற்கொரு மருந்து. 16 லிட்டர் டேங்க்கை ஆம்பளைகள் முதுகில் மாட்டுவார்கள். பொம்பளைகள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றி, மருந்தைக் குச்சியால் கலக்குவார்கள். அவசரத்துக்குக் கையாலும் கலக்குவார்கள். ஆள் குறைந்தால் பொம்பளையும் டேங்க் மாட்டுவாள். அம்மா மாட்டினாள். டேங்க் கசிந்து இடுப்பு வரை நனையும். அந்தச் சேலையோடு வந்து எனக்குச் சோறு போடுவாள்.

இவற்றில் ஆர்கனோபாஸ்பரஸ் என்று ஒரு வகை உண்டு. நரம்பிலிருந்து தசைக்குப் போன செய்தியை வேலை முடிந்ததும் அழிப்பதற்கு உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. அந்த வகை மருந்து நொதியைக் கட்டிப்போட்டுவிடும். செய்தி அழியாமல் அடித்துக்கொண்டே இருக்கும். எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், சதை துடிக்கும், மிஞ்சினால் மூச்சு நிற்கும். வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, தோல் போதும். பூச்சியைக் கொல்வதும் இதே வழியில்தான். பூச்சிக்கும் மனுஷிக்கும் அது பேதம் பார்ப்பதில்லை. 'மருந்தடிச்ச ராத்திரி கண்ணு மங்குதுங்க' என்று அம்மா சொன்னபோது மேஸ்திரி சொன்ன வைத்தியம், 'மோரு குடி'.

சட்டம் இல்லாமல் இல்லை. அந்தச் சட்டம் வந்த கதையைக் கேளுங்கள். 1958இல் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துபோன கோதுமை மாவைச் சாப்பிட்டுக் கேரளத்தில் 100 பேருக்கு மேல் செத்தார்கள். அதன்பிறகு கமிட்டிகள் உட்கார்ந்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. சாப்பிட்டவன் செத்ததால் வந்த சட்டம். ஆனாலும் 1971இல் போட்ட விதிகளில் தெளிப்பவனுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கையுறை, முகமூடி, பாதுகாப்பு உடுப்பு கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்க்கும் முன்பும் பிறகு காலமுறைப்படியும் டாக்டர் பார்க்க வேண்டும். அந்த நொதியின் அளவை ரத்தத்தில் மாசாமாசம் பரிசோதிக்க வேண்டும். அம்மாவின் 35 வருஷத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட அதற்காக யாரும் எடுத்ததில்லை. கேரட்டில் எவ்வளவு விஷம் தங்கலாம் என்பதற்கு அளவு இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது, பத்திரிகையில் செய்தி வருகிறது. கேரட்டைப் பிடுங்கியவளின் ரத்தத்தில் எவ்வளவு என்பதற்கும் எழுத்தில் அளவு இருக்கிறது. அளக்கத்தான் ஆள் இல்லை.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். மலையைக் கொன்றதில் அவளுக்குப் பங்கு உண்டா?

நம் தோழர்கள் பட்டென்று 'இல்லை' என்பார்கள். கூலிக்காரி, வேற வழியில்லை, சொன்னதைச் செய்தாள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் இதைச் சொல்லி முடித்ததும் ஒன்று உறுத்தியது. சொன்னதைச் செய்கிற, தனக்கென்று பொறுப்பில்லாத ஒன்று அந்தத் தோட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. அது டேங்க். அம்மாவுக்குப் பொறுப்பே இல்லை என்றால் அவளையும் டேங்க்கையும் நான் ஒரே வரிசையில் வைக்கிறேன். ஆயிரம் வருஷமாக எங்களைக் கருவி என்று சொன்னவர்களும் அதைத்தானே சொன்னார்கள்? அவர்கள் இழிவாகச் சொன்னதை நான் இரக்கமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

'ஆமாம், பங்கு உண்டு' என்றால் அது இன்னும் மோசம். கூலியில், நிலத்தில், குடிதண்ணீரில் சமபங்கு இல்லாதவளுக்குக் குற்றத்தில் மட்டும் சமபங்கு. 1936இல் அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்னபோது, அது வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல்கீழாகப் பிரித்து அடுக்கியது என்று காட்டினார். அந்த அடுக்கில் லாபம் மேலே ஏறும், விஷம் கீழே இறங்கும். குற்றம் மட்டும் எப்படித் தரைமட்டமாக எல்லார் மேலும் சமமாகப் பரவும்?

அம்மாவிடமே கேட்டேன். 'நீ அடிச்ச மருந்துலதான ஓடை கெட்டுச்சு?' அவள் கோபப்படவில்லை. 'மொதல்ல தவள போச்சு. பொறவு ஓடயில கெடந்த நண்டு போச்சு. அது போன வருஷமே நான் மேஸ்திரிகிட்ட சொன்னேன், ஓட ஓரத்துல கலக்க வேணாம், மேல தொட்டி கட்டுங்கன்னு. என் பேச்ச யாரு கேட்டா?' என்றாள். தவளை போன வருஷம் அவளுக்கு ஞாபகமிருக்கிறது. கூட்டத்தில் பேசியவருக்கு அது புள்ளிவிவரமாகப் பிற்பாடு வந்திருக்கும். அவளுக்கு அறிவு இருந்தது, வருத்தம் இருந்தது, யோசனையும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு மறுநாளும் உலை வைக்கிற நிலைமை. பொறுப்பை அளக்க வேண்டுமானால் அந்த ஒரு சொல்லை வைத்து அளக்கலாம் என்று எனக்குப் படுகிறது. யாருக்கு எவ்வளவு 'மாட்டேன்' கையில் இருந்தது?

இந்த அளவுகோல் எங்களுக்கு வசதியானது என்று நினைக்காதீர்கள். என் தாய்மாமா கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். தேயிலைப் பச்சை இலை விலை 1990களின் கடைசியில் விழுந்த பிறகு பலர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட்டுக்குத் திரும்பினார்கள். அப்போது மாமா ஒரு ஏக்கர் சரிவைக் குத்தகைக்கு எடுத்தார். எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒருவர் 'என் தோட்டம்' என்றார். நாங்கள் எல்லாரும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். மாமா என்ன செய்தார்? பாரை மேலிருந்து கீழாகத்தான் போட்டார். குத்தகை இரண்டு வருஷம், இதில் படிக்கட்டு எவன் வெட்டுவான் என்றார். மருந்துக்கடையில் கடன், மேட்டுப்பாளையம் மண்டியில் முன்பணம். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாரோ அதை அடித்தார். டப்பாவில் சாய்சதுரத்துக்குள் நிறம் போட்டிருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடியது, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். மாமா சிவப்புக்குத்தான் காசு கொடுப்பார், 'அதுதான் கேக்கும்' என்பார். கூலிக்கு வந்த நாலு பொம்பளைகளும் எங்கள் லயத்து ஆட்கள், எங்கள் சாதிக்காரர்கள். அவர்களுக்கும் கையுறை கிடையாது. அந்த ஓடையில் அவர் தோட்டத்து மருந்தும் கலந்தது.

மாமாவிடம் கொஞ்சம் 'மாட்டேன்' இருந்தது. நிறைய இல்லை. கடன்காரன் கையில் பாதி, நிலத்துக்காரர் கையில் பாதி போக மிச்சம் இருந்ததை அவர் பயன்படுத்தவில்லை. அந்த நாலு பொம்பளைகளுக்கு நாலு ஜோடி கையுறை வாங்க அவரால் முடிந்திருக்கும். அதை நான் எழுதியே ஆக வேண்டும். நம்மவர் கைக்கு நிலம் வந்தால் மண் பிழைத்துவிடும் என்று கூட்டத்தில் முழங்குகிறோம். நிலம் வர வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் இரண்டு வருஷக் குத்தகையாக, கடனோடு, செங்குத்தான சரிவாக வந்தால் அது நிலம் வந்ததாகாது, டேங்க் கொஞ்சம் பெரிசானதாகத்தான் அர்த்தம்.

2009 நவம்பர் மழையில் குன்னூர், ஊட்டி, கேத்தி, கோத்தகிரிப் பக்கமெல்லாம் மலை சரிந்தது. 40 பேருக்கு மேல் செத்தார்கள். நூற்றுக்கணக்கான இடங்களில் மண் பெயர்ந்தது. மழை பெரிய மழைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மரம் போன, வடிகால் மறிக்கப்பட்ட, வெட்டிக் குடையப்பட்ட சரிவுகள் அந்த மழையைத் தாங்கவில்லை. அந்த ராத்திரி நாங்கள் லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மேட்டில் தோட்டம், பள்ளத்தில் குடியிருப்பு என்பதுதான் எங்கள் ஊர் அமைப்பு. மேலே எவர் நிலத்தில் எந்தப் பக்கம் பார் போட்டிருக்கிறது என்பது கீழே படுத்திருப்பவளுக்கு உயிர்ப் பிரச்சினை. அவளைக் கேட்டு யாரும் பார் போடுவதில்லை.

இப்போது இயற்கை விவசாயம் வந்திருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு அதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. நான் அதற்கு எதிரியில்லை. மருந்து நின்றால் முதலில் பிழைக்கப்போவது எங்கள் உடம்பு. ஆனால் அதைப் பேசுகிறவர்கள் பலர் 'பழைய காலத்துக்குத் திரும்புவோம்' என்கிறார்கள். எந்தப் பழைய காலம்? சாணியும் குப்பையும் யார் தலையில் போன காலம்? கிராமத்தைப் பொற்காலமாகப் பார்த்தவர்களை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எப்படி வெளுத்து வாங்கினார் என்பது இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். மருந்து இல்லாவிட்டால் களைக்குக் கூடுதல் ஆள் வேண்டும், குனிந்தே கிடக்கிற ஆள், பொம்பளை ஆள். 'விஷமில்லா உணவு' என்று கோயமுத்தூரில் கூடுதல் விலைக்கு விற்கிற கேரட்டில் அந்தக் குனிந்த முதுகுக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று பையில் அச்சடித்திருப்பதில்லை. சாப்பிடுகிறவரின் வயிற்றுச் சுத்தத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மறுபடியும் அந்த வாளி.

கூட்டத்தில் பேசியவரை நான் எதிரியாக நினைக்கவில்லை. அவர் 'நாம்' என்று சொன்னது பெருந்தன்மையில்தான். அடுத்த தடவை அவரைப் பார்த்தால், ஐயா, அந்த 'நாம்'க்குள் என் அம்மாவைச் சேர்ப்பதானால் தொட்டியை எங்கே கட்டுவது, எந்த மருந்தை வாங்குவது, பாரை எந்தப் பக்கம் போடுவது என்று முடிவு செய்கிற இடத்திலும் சேருங்கள், பிறகு அவளே தன் பங்குக்குப் பதில் சொல்லுவாள் என்று சொல்ல வேண்டும். தவளை கதையை அவளை விட்டே சொல்லச் சொல்ல வேண்டும்.

மாமா குத்தகையை எப்போதோ விட்டுவிட்டார். போன மாசம் அம்மாவோடு அந்தப் பக்கம் நடந்து போனேன். அதே சரிவில் வேற யாரோ கேரட் போட்டிருக்கிறார்கள். டேங்க் மாட்டிக்கொண்டு ஒரு பையன் அடித்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வயசுகூட இருக்காது. ஜார்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் இப்போது இங்கே நிறைய. எங்கள் ஆட்களில் படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போய்விட்டார்கள், அந்த முதுகுகளின் இடத்துக்கு இந்த முதுகு வந்திருக்கிறது. மூக்கில் துணி இல்லை. எதிர்க்காற்றில் அடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவும் அவன் முகத்துக்கே திரும்பி வந்தது. டப்பாவில் தமிழில் என்ன எழுதியிருந்தால்தான் அவனுக்கு என்ன?

அம்மா விறுவிறுவென்று சரிவில் இறங்கிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். காற்று வருகிற பக்கம் முதுகு இருக்கணும் என்று கையால் காட்டினாள். அவன் முதலில் மிரண்டான், அப்புறம் சிரித்தான். மேலேயிருந்து மேஸ்திரி, 'ஏய் கெழவி, வேலையக் கெடுக்காத' என்று சத்தம் போட்டான். அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? நம்ம பையனுக்கு மூக்குல கட்ட ஒரு துணி குடு' என்றாள். என் துப்பட்டாவைக் கொடுத்தேன்.